ஆஸ்திரேலியாவுக்குக் கல்லூரி அணியை அழைத்துச் செல்வோருக்கு: செலவைத் திட்டமிடும் முறை

கல்லூரி அணியொன்றை ஆஸ்திரேலியாவுக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு முதன்முறையாக ஒருவரிடம் வந்து சேரும்போது, அவர் பெரும்பாலும் விமானக் கட்டணத்திலிருந்தே கணக்கைத் தொடங்குகிறார். விமானக் கட்டணம் பெரியதுதான் என்றாலும், அது முன்கூட்டியே தெரிந்துவிடுகிற, ஒரே தடவையில் கட்டி முடிக்கிற செலவு. பட்ஜெட்டில் துண்டு விழுவது தரையிறங்கிய பிறகுதான். தலைக்கு ஐந்து டாலர், பத்து டாலர் என்று சிறிதாகத் தோன்றும் ஒவ்வொரு செலவும் அணியின் எண்ணிக்கையாலும் பயண நாட்களாலும் பெருகி, பாதிப் பயணம் முடிவதற்குள் கையிருப்பைக் கரைத்துவிடுகிறது.

அதன் விளைவு ஆடுகளத்தில் தெரியும். பணம் போதாது என்று தெரிந்தவுடன் முதலில் வெட்டப்படுவது ஓய்வு நாள். அடுத்து, பிசியோதெரபிஸ்ட் பயணப் பட்டியலிலிருந்து நீங்குகிறார். அதன் பிறகு, இருவர் தங்க வேண்டிய அறையில் நால்வர் தங்குகிறார்கள். கையில் தினப்படி வாங்கிய மாணவர்களும் தம் பங்குக்கு மிச்சம் பிடிக்கத் தொடங்கி, இரவு உணவை ஒரு பொட்டலம் உருளைக்கிழங்கு வறுவலோடு முடித்துக்கொள்கிறார்கள். ஆடுவதற்காகப் போன அணி, தூக்கமும் சாப்பாடும் குறைந்த நிலையில் ஆடுகிறது. எங்கே வெட்டலாம், எங்கே வெட்டவே கூடாது என்பதைப் புறப்படுவதற்கு முன்பே தீர்மானித்துக்கொண்டால் இந்த நிலையைத் தவிர்க்கலாம். கீழே வரும் விலைகள் யாவும் ஆஸ்திரேலிய டாலரில் சொல்லப்பட்ட தோராயக் கணக்குகள். பதிவு செய்வதற்கு முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

முதற்படி: விலை எங்கே ஏறுகிறது என்பதைப் புரிந்துகொள்ளுதல்

ஆஸ்திரேலியாவில் எல்லாமே ஒரே அளவில் விலை கூடியவை அல்ல. அந்நாட்டின் தேசியக் குறைந்தபட்ச ஊதியம் 2025 ஜூலை 1இல் மணிக்கு 24.95 டாலராக உயர்ந்தது. நிரந்தரப் பணியில் இல்லாத தற்காலிகப் பணியாளருக்கு அதன்மேல் 25 விழுக்காடு சேர்வதால், உணவகத்தில் தட்டு எடுத்துவைப்பவருக்கே மணிக்கு 31 டாலருக்கு மேல் கொடுத்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமையிலும் பொதுவிடுமுறை நாளிலும் அது இன்னும் ஏறும். ஆகவே, யாராவது ஒருவர் கைபட்டுச் செய்து தரும் எதுவும் அங்கே விலை கூடியது: உணவகச் சாப்பாடு, டாக்சி, ஓட்டுநருடன் கூடிய பேருந்து, சலவைக்குக் கொடுத்து வாங்கும் துணி, ஒரு மணி நேரப் பிசியோ சிகிச்சை என எல்லாவற்றிலும் இதே கதைதான். மாறாக, பல்பொருள் அங்காடியில் கிடைக்கும் பால், முட்டை, ரொட்டி, அரிசி, வாழைப்பழம் போன்றவை அந்த அளவுக்கு அச்சுறுத்துவதில்லை. பூங்கா, கடற்கரை, குழாய்த் தண்ணீர், பொதுக் கழிப்பறை ஆகியவை இலவசம், தரமானவையும்கூட. பிறர் உழைப்பை வாங்குவதைக் குறைத்து, பொதுவசதிகளையும் சொந்தக் கையையும் பயன்படுத்தும் அணிக்கே அந்நாட்டில் பணம் நிற்கும்.

எந்த நாணயத்தில் சம்பாதித்த பணத்தைச் செலவழிக்கிறோம் என்பதும் கணக்கை மாற்றும். அமெரிக்கக் கல்லூரி அணிக்கு ஒரு சாதகம் உண்டு. ஆஸ்திரேலிய டாலரின் மதிப்பு அமெரிக்க டாலரைவிடக் குறைவு. விலைப்பட்டியலில் காணும் தொகையில் பத்து விழுக்காடு ஜிஎஸ்டி வரி ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. பரிமாறுபவருக்கு டிப்ஸ் கொடுத்தே ஆக வேண்டும் என்ற வழக்கமும் இல்லை. அமெரிக்காவில் விலையின்மேல் வரியும், அதன்மேல் இருபது விழுக்காடு டிப்சும் கட்டிப் பழகியவர், 32 டாலர் என்று எழுதியிருக்கும் சாப்பாட்டைப் பார்த்து முதலில் திகைத்தாலும், கணக்குப் போட்டுப் பார்த்தால் ஊரில் கொடுப்பதைவிட அது கூடுதலாக இருப்பதில்லை. இந்தியக் கல்லூரி அணிக்கு இந்த ஆறுதல் கிடையாது. ஓர் ஆஸ்திரேலிய டாலருக்கு ஐம்பது ரூபாய்க்கு மேல் கொடுக்க வேண்டியிருப்பதால், ஒரு வேளை உணவகச் சாப்பாடே ஆயிரத்து ஐந்நூறு ரூபாயைத் தாண்டிவிடும். அத்தகைய அணி கீழே வரும் படிகளை இன்னும் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும்.

சிட்னியில் 2016இல் கலிபோர்னியா, ஹவாய் பல்கலைக்கழகங்களும் 2017இல் ஸ்டான்போர்டு, ரைஸ் பல்கலைக்கழகங்களும் ஆடிய அமெரிக்கக் கால்பந்துப் போட்டிகளைச் சிலர் முன்மாதிரியாகக் காட்டுவதுண்டு. அவை பெரிய அரங்கில் நுழைவுச்சீட்டு விற்று, தொலைக்காட்சி ஒளிபரப்போடு நடந்த நிகழ்ச்சிகள். கூடைப்பந்து, கைப்பந்து, ஹாக்கி, கிரிக்கெட் என்று இருபது, இருபத்தைந்து பேரோடு நட்பு ஆட்டங்களுக்காகச் செல்லும் அணிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

இரண்டாம் படி: தேதியையும் ஊரையும் முதலில் தீர்மானித்தல்

விடுதி தேடுவதற்கு முன்பே தேதியைச் சரியாக அமைத்துக்கொள்வதுதான் மிகப் பெரிய சிக்கனம். இதைப் பிற்பாடு ஈடுசெய்ய வழியே இல்லை. அமெரிக்க அணிகளுக்கு இதில் சற்று இயல்பான வசதி இருக்கிறது. கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் முதல் பிரிவு அணிகள் வெளிநாட்டுச் சுற்றுப்பயணத்தை நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை மேற்கொள்ளலாம் என்பது நெடுங்கால விதி. பெரும்பாலான அணிகள் அதைக் கோடை விடுமுறையில் வைத்துக்கொள்கின்றன. அவர்களுடைய கோடை ஆஸ்திரேலியாவில் குளிர்காலம். டிசம்பர், ஜனவரியின் விடுமுறைக் கூட்டம் அப்போது இருக்காது.

எனினும் ஜூன் இறுதியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை பள்ளிகளுக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் விடுமுறை உண்டு. மாநிலத்துக்கு மாநிலம் தேதி சற்று மாறும். தெற்கிலுள்ள குடும்பங்கள் அந்த நாட்களில் குளிருக்குத் தப்பிக் குயின்ஸ்லாந்துக் கடற்கரைக்குப் படையெடுப்பதால், கோல்ட் கோஸ்ட் விடுதிகளின் விலை ஏறிவிடும். மெல்போர்னுக்குப் போவதானால் அந்நகரத்து விளையாட்டு நாட்காட்டியை எடுத்துப் பார்க்காமல் தேதி குறிக்கக் கூடாது. ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபன் டென்னிஸ், மார்ச் வாக்கில் பார்முலா ஒன் கார்ப் பந்தயம், செப்டம்பர் கடைசியில் ஆஸ்திரேலியக் கால்பந்து இறுதியாட்டம், நவம்பர் முதல் செவ்வாய்க்கிழமை மெல்போர்ன் கோப்பைக் குதிரைப் பந்தயம், டிசம்பர் 26இல் தொடங்கும் டெஸ்ட் கிரிக்கெட் என்று, அறையே கிடைக்காத வாரங்கள் அங்கே பல. சிட்னியில் புத்தாண்டு இரவை ஒட்டிய நாட்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

ஊரைப் பொறுத்தவரை, புதியவர்கள் செய்யும் வழக்கமான தவறு, சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன், கெய்ர்ன்ஸ் என்று நான்கு நகரங்களைப் பத்து நாட்களுக்குள் திணிப்பது. சிட்னியிலிருந்து மெல்போர்ன் சாலை வழியாக ஏறத்தாழ 880 கிலோமீட்டர்; பிரிஸ்பேன் 900 கிலோமீட்டருக்கு மேல். ஒவ்வொரு இடமாற்றமும் ஒரு முழுநாளையும், தலைக்கு ஒரு விமானச் சீட்டையும், பெட்டிகளுக்குத் தனிக் கட்டணத்தையும் விழுங்கிவிடும். ஒரே தளத்தில் தங்கிச் சுற்றியுள்ள ஊர்களில் ஆடுவதே மேல். விக்டோரியா மாநிலத்தில் 2023 மார்ச் 31 முதல் வெளியூர் ரயில்களின் ஒருநாள் கட்டணத்துக்கு உச்சவரம்பு விதிக்கப்பட்டு, அது மெல்போர்ன் நகரக் கட்டண அளவிலேயே, 11 டாலரை ஒட்டி இருப்பதால், ஜீலாங், பாலரட், பெண்டிகோ ஆகிய ஊர்களுக்குக் காலையில் போய் ஆடிவிட்டு இரவே திரும்பலாம். சிட்னியைத் தளமாகக் கொள்வோருக்கு வடக்கே நியூகாசிலும் தெற்கே வுலங்காங்கும் அவ்வாறே நகரப் பயண அட்டையிலேயே சென்றுவரக் கூடிய ஊர்கள். இரண்டிலும் பல்கலைக்கழகங்கள் உள்ளன.

மூன்றாம் படி: விருந்தளிக்கும் அணியைக் கண்டடைதல்

ஆஸ்திரேலியாவில் மைதானங்களில் பெரும்பகுதி உள்ளாட்சி மன்றங்களுக்குச் சொந்தமானவை. அவற்றைக் குளிர்காலப் பருவம், கோடைப் பருவம் என்று பிரித்து உள்ளூர்ச் சங்கங்களுக்கு ஒதுக்கிவிடுகிறார்கள். வெளிநாட்டு அணி நேரடியாக விண்ணப்பித்தால் வாடகை, மின்விளக்குக் கட்டணம், முன்வைப்புத் தொகை ஆகியவற்றோடு, ஒரு கோடி அல்லது இரண்டு கோடி டாலருக்கான பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சான்றும் கேட்பார்கள். அதே மைதானம் ஏற்கெனவே ஒதுக்கப்பட்ட உள்ளூர்ச் சங்கத்தின் வழியாகச் சென்றால் இந்தச் சிக்கல்களில் பல மறைந்துவிடும். பல்கலைக்கழக அணிகளோடு ஆட விரும்புவோர், அந்நாட்டுப் பல்கலைக்கழக விளையாட்டுகளுக்கான தேசிய அமைப்பான யூனிஸ்போர்ட் ஆஸ்திரேலியாவையும், அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுச் சங்கத்தையும் குறைந்தது எட்டு, ஒன்பது மாதங்களுக்கு முன்பே அணுக வேண்டும்.

வாடகையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுவதைவிட, பதிலுக்கு என்ன தரலாம் என்று கேட்பது நல்ல பலன் தரும். உள்ளூர்ச் சிறுவர்களுக்கு ஒரு பிற்பகல் பயிற்சி முகாம் நடத்தித் தருவதாகச் சொன்னால், மைதானம், பந்து, வலை, தடைக்கம்பம் எல்லாவற்றையும் சங்கமே தந்துவிடுவதுண்டு. கனமான உபகரணங்களை விமானத்தில் ஏற்றிச் செல்லும் செலவும் அதனால் மிச்சமாகிறது.

நான்காம் படி: தங்குமிடம்

நட்சத்திர விடுதியை முதலில் தேடுவது வீண். கல்லூரி அணிக்குப் பொருத்தமான இடங்கள் வேறு. பல்கலைக்கழக வளாகங்களிலுள்ள மாணவர் இல்லங்கள், விடுமுறையில் அறைகள் காலியாகும்போது குழுக்களுக்கு வாடகைக்கு விடுகின்றன. பல இடங்களில் சாப்பாட்டுக் கூடமும் சேர்ந்தே கிடைக்கும். நவம்பர் இறுதியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை இவை அதிகம் காலியாக இருக்கும். ஆண்டின் நடுவே கிடைக்கும் இடைவெளி குறுகியது என்பதால் முன்கூட்டியே கேட்க வேண்டும். மாநில அரசுகள் நடத்தும் விளையாட்டு மையங்கள் இன்னும் சிறப்பானவை. சிட்னியின் வடக்கே நாராபீனிலும், கோல்ட் கோஸ்டில் ரனவே பேயிலும் உள்ள மையங்களில் தங்குமிடமும் மைதானமும் ஒரே வளாகத்தில் இருப்பதால், பேருந்துச் செலவில் ஒரு பெரும்பகுதி தானாகவே குறைந்துவிடும்.

இவை கிடைக்காவிட்டால், சமையலறையும் சலவை இயந்திரமும் உள்ள அடுக்ககங்களை நாடலாம். ஓரிரவு வாடகை விடுதியறையைவிடச் சற்றுக் கூடுதலாகத் தெரியும். ஆனால் அடுத்த படியில் வரும் உணவுக் கணக்கைப் பார்த்தபின் அதைக் கூடுதல் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஊருக்குச் சற்று வெளியே, பயணிகள் தங்கும் வண்டிகளை நிறுத்துவதற்கான கேரவன் பூங்காக்களில் உள்ள சிறு வீடுகளும் குழுக்களுக்கு நன்றாகப் பொருந்தும். ஒரு வீட்டில் நான்கு முதல் ஆறு பேர் தங்கலாம், முற்றத்திலேயே சமைக்கலாம். குளிர்காலத்தில் மெல்போர்ன், கான்பெரா பக்கம் போனால், அறையில் வெப்பமூட்டி இருக்கிறதா என்பதை எழுத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். கான்பெராவின் ஜூலை இரவுகளில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போவது வழக்கம்.

உள்ளூர் வீரர்களின் குடும்பங்கள் வருகை தரும் வீரர்களைத் தம் வீட்டில் தங்கவைத்துக்கொள்ளும் ஏற்பாடு அங்கே பழைய வழக்கம். பில்லட் என்று அதைச் சொல்வார்கள். செலவு ஏறத்தாழ இல்லை. பள்ளி அணிகளுக்கு அது நன்றாகவே ஒத்துவரும். கல்லூரி அணிக்கு ஓரிரு இரவுகளுக்கு மட்டும் ஏற்கலாம் என்பது என் கருத்து. வீரர்கள் பத்து வீடுகளில் சிதறிக் கிடந்தால் காலைப் பயிற்சிக்கு அவர்களைத் திரட்டுவதே ஒரு தனி வேலையாகிவிடும்.

ஐந்தாம் படி: உணவு

பணம் அதிகம் கரையும் இடமும், திட்டமிட்டால் அதிகம் மிஞ்சும் இடமும் உணவுதான். இருபத்து நான்கு பேர் கொண்ட அணி பன்னிரண்டு நாள் தங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். காலைச் சாப்பாட்டுக்கு 20, மதியத்துக்கு 20, இரவுக்கு 35 என்று மூன்று வேளையும் வெளியே சாப்பிட்டால் தலைக்கு ஒரு நாளைக்கு 75 டாலர். மொத்தம் 21,600 டாலர். காலையும் மதியமும் தாமே செய்துகொண்டு, இரவு மட்டும் 30 டாலருக்குள் வெளியே சாப்பிட்டால், காலைக்கு 6, மதியத்துக்கு 8 என்று சேர்த்து நாளைக்கு 44 டாலர்; மொத்தம் 12,672. இடையிலுள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒன்பதாயிரம் டாலர். சமையலறை உள்ள இடத்தில் தங்குவதற்கான கூடுதல் வாடகையும், பிசியோதெரபிஸ்டின் விமானச் சீட்டும் அதிலேயே வந்துவிடும்.

இதைச் செயல்படுத்த, தரையிறங்கிய முதல் நாளே இருவரை அங்காடிக்கு அனுப்ப வேண்டும். கோல்ஸ், உல்வர்த்ஸ், ஆல்டி ஆகிய மூன்றும் எங்கும் காணப்படும் பெரிய அங்காடிகள். ஆல்டியில் விலை பொதுவாகக் குறைவு, பொருள் வகையும் குறைவு. பெரிய அங்காடிகளில் அலமாரி விலைச்சீட்டின் ஓரத்தில் நூறு கிராமுக்கு அல்லது லிட்டருக்கு என்ன விலை என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். பெரிய பொட்டலம் எப்போதும் மலிவு என்று நம்பி எடுக்காமல் அந்த எண்ணைப் பார்த்து எடுக்கச் சொல்ல வேண்டும். காலைக்கு ஓட்ஸ், பால், முட்டை, ரொட்டி, வேர்க்கடலை வெண்ணெய், வாழைப்பழம் போதும். மதியத்துக்கு, அங்காடியிலேயே சுட்டு வைத்திருக்கும் முழுக்கோழியைப் பிய்த்து ரொட்டியில் சுருட்டித் தருவது எளிது. ஒரு கோழி பத்து முதல் பதினைந்து டாலருக்குள் கிடைக்கும், நான்கு பேருக்கு வரும்.

அநேகமாக எல்லா ஊர்ப் பூங்காவிலும் உள்ளாட்சி மன்றம் வைத்திருக்கும் மின்சார அடுப்பு இருக்கும். பொத்தானை அழுத்தினால் தட்டு சூடாகும். பணம் கட்ட வேண்டியதில்லை. ஆட்டம் முடிந்த பிறகு எதிரணியையும் அழைத்து அங்கேயே இறைச்சியும் காய்கறியும் வாட்டிச் சாப்பிடுவது அந்நாட்டு விருந்தோம்பல் முறைக்கும் பொருந்தும். பயன்படுத்திய அடுப்பைத் துடைத்து வைத்துவிட்டு வருவது எழுதாத விதி. வாரக் கடைசியில் பன்னிங்ஸ் என்னும் வன்பொருள் கடைகளின் வாசலில் உள்ளூர்த் தொண்டுக் குழுக்கள் நிதி திரட்டுவதற்காக 3.50 டாலருக்கு விற்கும் சாசேஜ் ரொட்டியும் அந்நாட்டில் புகழ்பெற்றது. அதை ஒரு வேளைச் சாப்பாடாகக் கணக்கில் எழுதுவது மாத்திரம் கூடாது.

இரவு உணவுக்குச் சங்கங்களைத் தேடிப் போகலாம். முன்னாள் படைவீரர் சங்கங்களும் விளையாட்டுச் சங்கங்களும் நடத்தும் உணவகங்களில் அளவு நிறைவாகவும் விலை அடக்கமாகவும் இருக்கும். வாசலில் அடையாள அட்டையைக் காட்டிப் பெயரைப் பதிந்துவிட்டு உள்ளே போக வேண்டும். குறிப்பிட்ட கிழமைகளில் ஒரு பதார்த்தத்தைக் குறைந்த விலைக்குத் தரும் பப்களும் பல. சைவம் உண்பவர்களும் அரிசிச் சோற்றை நாடுபவர்களும் அணியில் இருந்தால், சிட்னியின் மேற்கே வென்ட்வர்த்வில், பெண்டில் ஹில் பகுதிகளில் தமிழ்க் கடைகளும் உணவகங்களும் வரிசையாக உள்ளன. மாநகர மையத்தின் விலையில் பாதிக்கு அங்கே வயிறு நிறையும்.

மூன்று எச்சரிக்கைகள். ஞாயிற்றுக்கிழமையில் பத்து விழுக்காடும் பொதுவிடுமுறையில் பதினைந்து விழுக்காடும் கூடுதலாக வாங்கும் உணவகங்கள் நிறைய. அந்த நாட்களைச் சொந்தச் சமையலுக்கு ஒதுக்கிவிட வேண்டும். அடுத்து, பல உணவகங்களில் சமையலறை இரவு எட்டரை, ஒன்பது மணிக்கே மூடப்பட்டுவிடும். மாலை ஏழு மணி ஆட்டம் முடிந்து, குளித்து, வெளியே வரும்போது துரித உணவுக் கடை மட்டுமே திறந்திருக்கும். ஆகவே ஆட்ட நாளின் இரவு உணவை முற்பகலிலேயே சமைத்து வைப்பதோ முன்பதிவு செய்வதோ கட்டாயம். மூன்றாவது, தண்ணீரைப் புட்டியில் வாங்கக் கூடாது. கடையில் ஒரு புட்டி மூன்று, நான்கு டாலர்; குழாய்த் தண்ணீர் குடிக்கத் தகுந்தது. ஆளுக்கு ஒரு புட்டி ஊரிலிருந்தே எடுத்துப் போனால் போதும்.

அளவில் மட்டும் கை வைக்கக் கூடாது. நாளொன்றுக்கு இரண்டு வேளை உடலை வருத்தும் இருபது வயதுக்காரர் சாப்பிடும் அளவைப் பயிற்சியாளர் அறிவார். கணக்கு எழுதுபவர் அறியாமல் இருக்கலாம்.

ஆறாம் படி: உள்ளூர்ப் போக்குவரத்து

விமான நிலையத்திலிருந்து நகரத்துக்குப் போகும் வழி ஒவ்வொரு ஊரிலும் வேறு. சிட்னியில் விமான நிலைய ரயில் நிலையங்களுக்குத் தனி நுழைவுக் கட்டணம் உண்டு. வழக்கமான ரயில் கட்டணத்தோடு அது தலைக்கு 17 டாலருக்கு மேல் சேர்வதால், இருபத்து நான்கு பேருக்கு ஒரு வழிக்கே 400 டாலரைத் தாண்டிவிடும். பெட்டிகளோடு செல்லும் அணிக்கு அந்தத் தொகையை ஒட்டியே தனிப் பேருந்து கிடைக்கக்கூடும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மெல்போர்ன் விமான நிலையத்துக்கு ரயிலே கிடையாது. பெர்த்தில் 2022 முதல் வழக்கமான நகரக் கட்டணத்திலேயே ரயில் ஓடுகிறது.

நகருக்குள் பொதுப் போக்குவரத்தே சிக்கனம். குயின்ஸ்லாந்தில் 2024 ஆகஸ்ட் முதல் அரசுப் பேருந்து, ரயில், படகு எதில் ஏறினாலும் ஒரு பயணத்துக்கு ஐம்பது சென்ட்தான். பிரிஸ்பேன் விமான நிலைய ரயில் இதில் சேராது. தளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த ஒரு காரணமே பிரிஸ்பேன் பக்கம் சாயப் போதுமானது. மெல்போர்னின் மையப்பகுதிக்குள் டிராம் இலவசம். சிட்னியில் ஒரு நாளைக்கான உச்சவரம்பு வெள்ளி, சனி, ஞாயிறுகளில் மற்ற நாட்களில் பாதி.

சொந்தமாக ஓட்ட விரும்பும் அணிகள், சாதாரண கார் உரிமத்தோடு ஓட்டுநரையும் சேர்த்துப் பன்னிரண்டு இருக்கை வரையிலான வண்டியை ஓட்டலாம் என்பதைப் பயன்படுத்திக்கொள்கின்றன. அவ்வாறு இரண்டு வண்டிகள் எடுப்பது ஓட்டுநருடன் பேருந்து அமர்த்துவதைவிட மலிவு. ஓட்டுபவர் இருபத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பயிற்சியாளராக இருக்க வேண்டும். குறைந்த வயதினருக்கு வாடகை நிறுவனங்கள் கூடுதல் கட்டணம் விதிக்கும். சிட்னியிலும் மெல்போர்னிலும் சுங்கச் சாலைகளில் பணம் வாங்கும் கூண்டே கிடையாது, எல்லாம் மின்னணு முறைதான்; நிறுவனம் பிற்பாடு சேவைக் கட்டணத்தோடு அனுப்பும் சுங்கத் தொகைக்கு முன்பே இடம் ஒதுக்க வேண்டும். பேருந்து அமர்த்துவதானால் ஓட்டுநரின் வேலை நேரத்துக்கும் கட்டாய ஓய்வுக்கும் சட்ட வரம்பு இருப்பதையும், வெளியூரில் தங்கினால் அவருடைய அறையும் சாப்பாடும் பெரும்பாலும் நம் கணக்கிலேயே சேர்வதையும் ஒப்பந்தத்தில் படித்துப் பார்க்க வேண்டும்.

உள்நாட்டு விமானம் தவிர்க்க முடியாததானால், அதைச் சர்வதேசச் சீட்டோடு ஒரே பதிவில் சேர்த்து வாங்குவது நல்லது; அப்போது பெரிய பெட்டி வரம்பே உள்நாட்டுப் பயணத்துக்கும் பொருந்துவது வழக்கம். தனியாக வாங்கிய மலிவுச் சீட்டில் கைப்பைக்கு ஏழு கிலோ வரம்பு. வாசலிலேயே எடை போடுவார்கள். கால்காப்பும் மட்டையும் உள்ள பைகளுக்கு அங்கே கட்டும் அபராதம் சீட்டின் விலையையே மிஞ்சலாம்.

ஏழாம் படி: விசா, எல்லைச் சோதனை, காப்பீடு

அமெரிக்கக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் செயலி வழியாகப் பெறும் மின்னணு அனுமதிக்கு 20 டாலர்தான். இந்தியக் கடவுச்சீட்டுக்கு வருகையாளர் விசா ஏறத்தாழ 200 டாலர், காத்திருப்பும் அதிகம். அமெரிக்க அணியில் வேறு நாட்டு மாணவர்கள் இருந்தால், ஒவ்வொருவருடைய கடவுச்சீட்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும். அவர்கள் திரும்பி அமெரிக்காவுக்குள் நுழைய, வெளிநாட்டு மாணவர்களுக்குக் கல்லூரி வழங்கும் ஐ-20 படிவத்தில் பயணக் கையொப்பமும் தேவை. போட்டியில் பங்கேற்பதற்கு எந்த விசா வகை பொருந்தும் என்பதைக் குடிவரவுத் துறையிடமே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

ஆஸ்திரேலிய உயிரிப் பாதுகாப்புச் சோதனை கண்டிப்பானது. மண் ஒட்டிய காலணி, மரத்தாலான பொருள், உணவுப் பொருள் எதையும் வருகைப் படிவத்தில் அறிவிக்காமல் கொண்டுபோனால் பல ஆயிரம் டாலர் அபராதம் வரக்கூடும். ஆணி வைத்த காலணிகளைப் புறப்படும் முன்பே பல்துலக்கியால் தேய்த்துக் கழுவிக் காயவைக்கச் சொல்ல வேண்டும். ஊரிலிருந்து தின்பண்டம் கொண்டுபோய் மிச்சம் பிடிக்கலாம் என்ற எண்ணம் இங்கே உதவாது.

காப்பீட்டில் சிக்கனம் பார்க்கக் கூடாது. இந்தியாவுக்கோ அமெரிக்காவுக்கோ ஆஸ்திரேலியாவோடு பரஸ்பர மருத்துவ உடன்படிக்கை இல்லை. ஆம்புலன்ஸ் ஒருமுறை வந்து போனாலே ஆயிரம் டாலரைத் தாண்டலாம். சாதாரணச் சுற்றுலாக் காப்பீடுகளில் பல, போட்டி விளையாட்டில் ஏற்படும் காயத்தை விலக்கிவைத்திருக்கும். அந்த வரியைத் தேடிப் படித்த பிறகே பணம் கட்ட வேண்டும்.

எட்டாம் படி: பணத்தைக் கையாளுதல்

முழுத் தினப்படியையும் மாணவர் கையில் கொடுத்துவிடுவது நிர்வாகத்துக்கு எளிது, அணிக்கு நல்லதன்று. காலை, மதிய உணவை அணியே தந்துவிட்டு, வெளியே சாப்பிடும் இரவுகளுக்கு மட்டும் படி கொடுக்கும் முறையைப் பரிந்துரைக்கிறேன். ஊரில் வசதி குறைந்த வீட்டிலிருந்து வரும் மாணவர், கையில் கிடைக்கும் வெளிநாட்டுப் பணத்தைச் சேமிக்கத்தான் நினைப்பார். அவரைக் குறைசொல்லவும் முடியாது.

செலவுகள் அநேகமாக எல்லாமே அட்டையில்தான் நடக்கும். வெளிநாட்டுப் பரிமாற்றக் கட்டணம் இல்லாத அட்டைகள் குறைந்தது இரண்டு, வெவ்வேறு ஆட்களிடம் இருக்க வேண்டும். ஒவ்வொரு ரசீதையும் அன்றிரவே படமெடுத்து, அன்றைய செலவை அன்றைய ஒதுக்கீட்டோடு ஒப்பிட வேண்டும். வாரக் கடைசியில் பார்த்தால் திருத்த நேரமிருக்காது. விடுதிச் சலவை இயந்திரத்தில் துவைக்கவும் உலர்த்தவும் ஒவ்வொன்றுக்கும் நான்கைந்து டாலர் ஆகும். சிறிய செலவுதான், ஆனால் சீருடைகள் நாள்தோறும் அழுக்காகும் அணியில் இதற்கென்று தனி வரி இல்லாவிட்டால் மற்றொரு வரியிலிருந்து பிடுங்க நேரும். மொத்தத்தில் பத்து முதல் பதினைந்து விழுக்காட்டை எதற்கும் ஒதுக்காமல் வைத்துக்கொள்ளவும். நாணய மாற்று விகிதம் ஒரு மாதத்தில் நகர்ந்தால்கூட இந்தத் தொகையில் ஒரு பகுதி போய்விடும்.

திரும்பும்போது, ஒரே நிறுவனத்தில் 300 டாலர் அல்லது அதற்கு மேல், புறப்படுவதற்கு முந்தைய 60 நாட்களுக்குள் வாங்கிய பொருள்களுக்கு, விமான நிலையத்தில் ஜிஎஸ்டியைத் திரும்பப் பெறலாம். சாப்பாட்டுக்கும் அறைவாடகைக்கும் இது கிடையாது. காலணி, பயிற்சிக் கருவி போன்றவற்றை வாங்கியவர் தம் பெயரிலேயே வரி ரசீது பெற்று, பொருளைத் தாமே எடுத்துச் செல்ல வேண்டும். கல்லூரியின் பெயரில் வாங்கிய பொருளுக்குப் பயிற்சியாளர் போய் நின்றால் சிக்கல் வரும். வரிசை நீளமாக இருக்கக்கூடும் என்பதால், விமான நிலையத்துக்குப் புறப்படும் நேரத்தை அதற்கேற்ப முன்னதாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.